தரையை உடைக்கும் முன்: ஆலயத் திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கேமரன் மலையிலும் தாப்பா அடிவாரத்திலும் தோட்ட ஆலயங்களை நடத்திவரும் நிர்வாகத்தினருக்கும், திருப்பணிக் குழு என்று தனியாக அமைத்திருந்தால் அதில் உள்ள அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும்,

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டீர்கள், அல்லது குறிக்கப் போகிறீர்கள். தமிழகத்துச் சிற்பிகளை வரவழைக்க அனுமதி வாங்கும் அலைச்சல் நடந்துகொண்டிருக்கும். கோபுரத்துக்கு எந்த வண்ணம், யாக சாலையை எங்கே போடுவது, அன்னதானம் யார் பொறுப்பு என்றெல்லாம் கூடிக் கூடிப் பேசியிருப்பீர்கள். தரையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினீர்கள்? நான் உட்கார்ந்து கேட்ட கூட்டங்களில் அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: “பழைய தரையை ஹேக் பண்ணிட்டு புது டைல்ஸ் போட்டுரலாம்லா.” யாரும் மறுப்பதில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

அந்த ஒரு வரியை மறுப்பதற்குத்தான் இந்த மடல்.

நான் லெம்பா பெர்த்தாமில் இருக்கிறேன். பழைய பூக்கற்களைப் பெயர்த்தெடுத்து, சுத்தம் செய்து, திரும்பப் பதிப்பது என் தொழில். இவனுக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். வேலையை எனக்குத் தர வேண்டாம். உங்கள் தோட்டத்து இளைஞர்களே செய்யலாம், எப்படி என்பதையும் எழுதியிருக்கிறேன். கல் உடையாமல் இருந்தால் போதும்.

எல்லா ஆலயத்திலும் பூக்கல் இருக்காது. பலவற்றில் சிவப்புச் சிமெண்டுத் தரைதான். (அதன் அழகுக்கு வேறொரு மடல் எழுத வேண்டும்.) ஆனால் மகா மண்டபத்திலோ, கருவறைக்கு முன்னாலோ, வாசல் படி ஏறியதும் நாலு முழத்துக்கோ, எட்டு அங்குலச் சதுரத்தில் பூவும் கொடியும் போட்ட கற்கள் இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

அது என்ன கல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது சூளையில் சுட்டதல்ல. பித்தளைத் தகட்டை வளைத்துச் செய்த அச்சின் அறைகளுக்குள் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இரும்பின் ஆக்சைடு. அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் உலர்வாகப் பரப்பி அழுத்தி, நீரில் ஊறவைத்து இறுக விடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் தொடங்கிய தொழில் இது. 1867 பாரிஸ் கண்காட்சியில் பார்சலோனா நிறுவனம் ஒன்று இந்தக் கல்லைக் காட்சிக்கு வைத்தது. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் அழுத்தும் இயந்திரம் இல்லாமல் கண்ணாடித் தகட்டின் மேலேயே வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடும். எங்கே செய்ததானாலும் அடிப்படை ஒன்றுதான்: பூ மேல்பூச்சாக இல்லை. நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். நூறு வருட அழுக்கும் கீறலும் உள்ள கல்லை ஈரமாக வைத்து ஒரு மயிரிழை அரைத்தால், அடியிலிருந்து அதே பூ தெளிவாக எழும்பும். நீங்கள் கடையில் பார்த்து வைத்திருக்கும் பளபளப்பான டைலில் பூ என்பது அச்சடித்த தோல். தேய்ந்தால் தேய்ந்ததுதான், அடியில் ஒன்றுமில்லை.

இதை அறிந்த பிறகும் உடைப்பீர்களா என்பதுதான் என் கேள்வி.

திருப்பணி தொடங்கும்போது மூலவருக்குப் பாலாலயம் செய்கிறீர்கள். சாமியின் சக்தியைக் கும்பத்திலோ பலகையிலோ ஆவாகனம் செய்து, தனியிடத்தில் எழுந்தருளச் செய்து, அன்றாடப் பூஜை ஒருவேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். கோபுரத்துச் சுதைப் பொம்மையின் விரல் ஒடிந்திருந்தால் சிற்பி அந்த விரலை மட்டும் செய்து ஒட்டுகிறார்; பொம்மையையே உடைத்துப் போட நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். பழைய மணியை உருக்க மாட்டீர்கள். பழைய உண்டியலைத் தூக்கி எறிய மாட்டீர்கள். மூன்று தலைமுறை முட்டி போட்டு விழுந்து கும்பிட்ட தரைக்கு மட்டும் ஏன் ஹேக்கிங் இயந்திரம்?

அந்தத் தரைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று உங்கள் ஆலயத்துப் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் திருவிழாச் செலவும் கட்டடச் செலவும் செக்ரோலில், அதாவது சம்பளத்தில், பிடித்த காசிலிருந்து வந்தவை. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையில் காட்டை வெட்டி, தேயிலை நட்டு, பனியில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவர்களில் நம் தாத்தா பாட்டிமார் உண்டு. லயத்து வீட்டில் அவர்கள் காலுக்கு வாய்த்தது வெறும் சிமெண்டு. பூப்போட்ட தரை தங்கள் வீட்டுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. சாமிக்கு வேண்டும் என்று நினைத்த இடத்தில் காசு சேர்த்துப் போட்டார்கள். அந்தக் காசை இன்றைக்கு நாம் ரோரோ பின் என்கிற குப்பைத் தொட்டியில் கொட்டுகிறோம்.

கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆலயம் என்று சொல்ல மாட்டேன். ஹேக்கிங் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. போனபோது மண்டபத்தில் ஒரு முழுக் கல்கூட மிச்சமில்லை. சுற்றுப் பட்டையில் இருந்த கோலக் கற்கள், மூலைக்கென்று தனியாக வார்த்த கற்கள், எல்லாம் சில்லு சில்லாகப் போயிருந்தன. குத்தகையாளரிடம் கேட்டேன். ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு காய்கறித் தோட்டத்துப் பாதை சேறாகக் கிடக்கிறதாம், லோரிச் சக்கரம் புதையாமல் இருக்க அங்கே கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகத்தினர் மேல் எனக்குக் கோபமில்லை. வேறு வழி உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் முன்கூட்டியே சொல்கிறேன்.

எங்கள் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இழப்பு புதிதல்ல. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, சுங்கை பெர்த்தாம் கரை மீறி வந்தது. உயிர்கள் போயின, வீடுகள் போயின, வண்டிகள் மிதந்தன. அந்த இரவில் நம்மால் எதையும் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஒரு தரையை உடைப்பது அப்படியா? அதைக் கூட்டம் போட்டு, தேநீர் குடித்து, கை தூக்கி, தீர்மானமாக எழுதி நாமே செய்கிறோம்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். பினாங்கில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1-ல் முடிவுக்கு வந்ததும், பழைய கடைவீடுகளில் இருந்த குடும்பங்கள் வெளியேறின. புதுப்பிப்பு என்ற பெயரில் உள்ளே இருந்ததெல்லாம் பெயர்க்கப்பட்டது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதற்குள் போன அஞ்சடி நடைபாதைத் தரைகள் போனவைதான். இன்னொரு பக்கம், லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ஸி மாளிகை, நீல மாளிகை என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான், இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் ட்ரெண்டிலிருந்து வந்த அதன் தரைக்கற்களோடு பொறுமையாகச் சீரமைக்கப்பட்டு, 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதில் முதல் தரத்தைப் பெற்றது. இப்போது அந்தத் தரையைப் பார்க்க மக்கள் வெள்ளி கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். நம் கோயிலுக்குச் சுற்றுப்பயணிகள் வர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விலை தெரிந்தவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

செட்டிநாட்டின் கதை இன்னும் நெருக்கமானது. பர்மாவிலும் இலங்கையிலும் இந்த மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திச் சேர்த்த பணம்தான் அங்கே மாளிகைகளாக எழுந்தது. ஆத்தங்குடிக் கல் தரையிலும், இங்கிலாந்து, ஜப்பான் கற்கள் சுவரிலும் ஏறின. பிறகு பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல், வீடு வீடாக இடிபட்டபோது தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆத்தங்குடியில் அச்சு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், அங்கே ஒரு கல் உடைந்தால் அதற்கு ஜோடி வார்க்க முடிகிறது. நமக்கு இந்த மலையில் அந்த வசதி இல்லை. நம்மிடம் இருப்பதுதான் நம் இருப்பு.

தைவானில் ஜியாயி நகரத்தில் 2016-ல் பழைய பூக்கற்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். இடிபடப் போகும் கிராமத்து வீடுகளைத் தேடிப் போய், சொந்தக்காரரிடம் கேட்டு, சுவரிலிருந்தும் கூரை முகட்டிலிருந்தும் கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றி, நீரில் ஊறவைத்து, பின்னால் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுத்துச் சேர்த்தவை அவை. அரசு செய்த வேலை அல்ல, ஒரு சிறிய நண்பர் கூட்டம் செய்தது. அங்கே இருப்பவை 1910-களுக்கும் 1930-களுக்கும் இடையே ஜப்பானில் செய்து ஏற்றுமதியான, மேடுபள்ளமாகப் பூ எழுந்து நிற்கும் பளபளப்புப் பூச்சுக் கற்கள். அதே காலத்தில் அதே ஜப்பானியச் சூளைகள் இந்தியச் சந்தைக்கென்று லட்சுமி, சரஸ்வதி, கண்ணன் உருவங்களையும் கல்லில் வார்த்து அனுப்பின. ஆகவே உங்கள் ஆலயச் சுவரின் அடிப்பகுதியில் ஆறு அங்குலச் சதுரப் பளபளப்புக் கல் இருந்தால், கழற்றும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானின் டான்டோ என்றோ இங்கிலாந்தின் மின்டன் என்றோ பொறித்திருக்கலாம். அதன் ஊரும் ஏறக்குறைய வயதும் அதிலிருந்து தெரியும். ஆனால் அது சுவர்க்கல். காலுக்கடியில் போட்டால் பூச்சு நொறுங்கிவிடும்.

சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். 2005-ன் தேசிய பாரம்பரியச் சட்டம் பதிவேட்டில் ஏறியவற்றைத்தான் காக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் தரை அந்தப் பதிவேட்டில் ஏறும் நாளுக்குள் கும்பாபிஷேகம் இரண்டு முறை முடிந்திருக்கும். இங்கே அதிகாரி நீங்கள்தான்.

உங்கள் பதில்களை நான் அறிவேன். “புது டைல்ஸ் உபயம் தர ஒருவர் முன்வந்துவிட்டார்” என்பது முதல் பதில். வெளிப்படையாகப் பேசுவோம்: உபயகாரருக்கு வேண்டியது சாமி புண்ணியமும், சுவரில் ஒரு பெயர்ப் பலகையும். இரண்டையும் கொடுங்கள். பலகையில் “தரை மீட்பு உபயம்” என்று எழுதினால் எழுத்துச் செலவு கூடிவிடாது. அவர் தரும் பணம் கல் வாங்கப் போகாமல் கூலிக்குப் போகும். அந்தக் கூலியும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கைக்கே வரும்.

“பழைய கல் வழுக்குகிறது” என்பது இரண்டாவது பதில். எண்ணெய் சிந்தினால் எந்தக் கல்லும் வழுக்கும். ஆனால் பளபளப்பான போர்சலின் டைலில் அபிஷேக நீர் ஓடினால் அதில் நடப்பது எப்படி என்று வெள்ளிக்கிழமை வரும் பாட்டிமாரிடம் கேளுங்கள். சிமெண்டுக் கல் நுண்துளை உள்ளது, ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், பாதத்தைப் பிடிக்கும்.

“பழசு பழசாகத் தெரியுமே, கும்பாபிஷேகத்துக்குப் புதுசாக இருக்க வேண்டாமா?” இதற்கு நான் வாதாட மாட்டேன். மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு முழம் தரையைச் சுத்தம் செய்து காட்ட இடம் கொடுங்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபடி கூட்டம் போடுங்கள்.

இனி வேலையைச் சொல்கிறேன். யார் செய்தாலும் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் தரையைக் கட்டம் போட்டு வரைந்து, படம் எடுத்து, வரிசைக்கு ஓர் எழுத்தும் கல்லுக்கு ஓர் எண்ணும் கொடுங்கள். ஏற்கெனவே உடைந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதைப் பலி கொடுங்கள். அந்தக் குழியிலிருந்துதான் பக்கத்துக் கல்லுக்கு அடியில் உளி நுழைய முடியும். இணைப்புகளை மெல்லிய ரம்பத் தகட்டால் அறுத்துவிட்டு, தட்டையான உளியைச் சாய்வாக அடியில் செலுத்தி, மரக் கட்டையால் தட்டுங்கள். சுண்ணாம்புக் காரையில் பதித்த கல் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். சிமெண்டுக் கலவையில் பதித்தது முரண்டு பிடிக்கும், அங்கே அவசரம் ஆகாது. எடுத்ததும் பின்பக்கம் பென்சிலால் எண்ணை எழுதி, முகத்தோடு முகம் சேர்த்து இடையில் தாள் வைத்து, படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்குங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடிக்கல் விரிசல் விடும். பின்னால் ஒட்டிய சுண்ணாம்பு நீரில் ஊறினால் இளகும். சிமெண்டு என்றால் கிரைண்டர் வேண்டும். நீர் விட்டு அரையுங்கள், முகமூடி போடாமல் ஒரு பையனையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பாது.

அமிலம் வேண்டாம். ஹேக்கிங்குக்கு அடுத்தபடியாக இந்தத் தரைகளைக் கொல்வது அமிலம்தான். ஹார்ட்வேர் கடையில் கழிவறை கழுவ விற்கும் அமிலத்தை ஊற்றினால் பொங்கி நுரைத்து அழுக்கு போவது போலத் தெரியும். போவது அழுக்கு அல்ல, கல்லின் முகம். இதையே சின்ன அளவில் நாம் வாராவாரம் செய்கிறோம். துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றும் இடத்தில் தரையைப் பாருங்கள்: சாறு அரித்த வெள்ளைத் திட்டு, அதன்மேல் எண்ணெய்க் கறை. ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்தால் தீர்ந்தது. பழைய எண்ணெய்க் கறைக்குச் சுண்ணக்கட்டித் தூளைச் சோப்புக் கரைசலில் களிம்பாகக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு எடுங்கள். ஒரே தடவையில் போகாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மஞ்சள் கறைக்கு மருந்தே வேண்டாம். கழற்றிய கல்லை வெயிலில் வையுங்கள், வெளுத்துவிடும். நம் மலை வெயிலுக்குச் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வழி தேடுங்கள். மேலே வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கலாம் என்று குத்தகையாளர் சொல்வார். மூடுபனியும் ஊற்று நீரும் உள்ள இந்த மண்ணில் ஈரம் உள்ளே அடைபட்டு கல்லின் முகம் உரிந்துவிடும். மூச்சு விடும் காப்புத் திரவம் இருக்கிறது, அதைப் பூசலாம். இல்லாவிட்டால் ஆத்தங்குடி வீடுகளில் செய்வது போலத் தேங்காய் எண்ணெயை லேசாகத் தொட்டுத் துடைத்தாலும் போதும். மீதியை மக்களின் வெறுங்கால் பார்த்துக்கொள்ளும்.

திரும்பப் பதிக்கும்போது நல்ல கற்களைச் சந்நிதிக்கு முன்னால் கொண்டு வாருங்கள், கீறல் விழுந்தவற்றைச் சுவரோரம் தள்ளுங்கள். குறைகிற கற்களை, வேறு வழியில்லாவிட்டால், ஆத்தங்குடியில் வார்த்து வாங்கலாம். சிற்பிகளோடு தமிழகத் தொடர்பு எப்படியும் உங்களுக்கு இருக்கிறது. புதுக் கல்லின் நிறம் பழையதோடு சேராது. அங்கங்கே செருகி மறைக்கப் பார்க்காமல், பலிபீடத்தைச் சுற்றியோ நடைபாதையிலோ ஒரே இடமாகப் போடுங்கள். எது எந்தக் காலத்தது என்று பேரப்பிள்ளைகள் பார்த்ததும் சொல்லட்டும்.

இடம் மாறப் போகும் ஆலயத்தினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தோட்டம் கைமாறும்போது விக்கிரகமும் மணியும் ஊஞ்சலும் லோரியில் ஏறுகின்றன, தரை ஏறுவதில்லை. நாற்பதுக்கு இருபத்தைந்து அடி மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு அங்குலக் கல்லில் ஏறக்குறைய 2,250 கற்கள். ஒரு கல் 1.8 கிலோ அளவுக்கு இருக்கும், மொத்தம் நான்கு டன். சின்ன லோரி என்றால் இரண்டு நடை. பழைய ஆலயத்தைப் பிரிந்து போகிறவர்கள் பழைய தரையிலேயே நின்று கும்பிடலாம்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கூட்டத்தில் தரையைத் தனி விஷயமாக எடுத்துப் பேசுங்கள். குத்தகையாளரிடம் வாங்கும் கோட்டேஷனில் “பழைய தரைக்கற்கள் கையால் முழுதாக எடுக்கப்பட்டு ஆலயத்திடம் ஒப்படைக்கப்படும், ஹேக்கிங் செய்யப்படாது” என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாலாலயத்துக்கும் இடிப்பு வேலைக்கும் இடையில் இரண்டு வாரம் தரைக்கென்று ஒதுக்குங்கள். எடுத்த கல்லைத் திரும்பப் பதிக்க இப்போது பணம் இல்லை என்றால் பரவாயில்லை, ஆலய ஸ்டோரில் அடுக்கி வையுங்கள், கல் கெட்டுப்போகாது. யாராவது பழம்பொருள் வியாபாரி வந்து விலை பேசினால், உறுப்பினர் கூட்டம் போடாமல் விற்காதீர்கள். அதுவும் முடியாது, தரை போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ என்பதை மனதில் வைத்து, நான்கு நடுக்கல், ஒரு பட்டைக்கல், ஒரு மூலைக்கல் இவற்றையாவது முழுதாக எடுத்து, தரையின் படத்தோடு பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள்.

தேதி குறித்ததும் சொல்லி அனுப்புங்கள். உளியும் எண் போடப் பென்சிலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மூலையில் இரண்டு முழம் சுத்தம் செய்து காட்டுவதற்குக் கூலி கேட்க மாட்டேன்.

பணிவுடன்,
லெம்பா பெர்த்தாமிலிருந்து
தரைக்கல் வேலைக்காரன்